ரேஷன் கார்டும் வருமான வரம்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ரேஷன் கார்டு பற்றி எழும் சந்தேகங்களில் பாதி வருமானம் சம்பந்தப்பட்டவை. ‘சம்பளம் கூடிவிட்டது, அரிசி நின்றுவிடுமா?’, ‘ஏ.சி. வாங்கினால் கார்டை ரத்து செய்வார்களாமே?’ என்று வாட்ஸ்அப்பில் ஒன்று கிளம்பும், ஒரு வாரம் ஊரே பேசும். அடங்கிய பிறகு அடுத்த வருடம் அதே செய்தி திரும்ப வரும். அப்படி வழக்கமாக வரும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

தமிழ்நாட்டில் ரேஷன் கார்டு வாங்க வருமான வரம்பு உண்டா?

இல்லை. இங்கே இருப்பது ‘அனைவருக்குமான பொது விநியோகத் திட்டம்’. மாநிலத்தில் குடியிருந்து, தனியாகச் சமைத்துச் சாப்பிடும் குடும்பமாக இருந்து, வேறு எந்த அட்டையிலும் பெயர் இல்லாமல் இருந்தால் கார்டு கேட்கலாம். மாதம் எட்டாயிரம் சம்பாதிப்பவரும் எண்பதாயிரம் சம்பாதிப்பவரும் ஒரே படிவத்தைத்தான் நிரப்புகிறார்கள்.

மத்திய அரசு 1997-ல் வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று குடும்பங்களைப் பிரித்து ரேஷன் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. பெரும்பாலான மாநிலங்கள் அதற்கு மாறின, தமிழ்நாடு மாறவில்லை. அதற்கான செலவை மாநில அரசு தன் கையிலிருந்து போட்டுக்கொள்கிறது.

அப்படியானால் வருமானத்துக்கு இதில் வேலையே இல்லையா?

இருக்கிறது. கார்டு உண்டா இல்லையா என்பதில் வருமானம் குறுக்கே வருவதில்லை. உங்கள் கார்டில் எந்தக் குறியீடு விழுகிறது என்பதில்தான் வருகிறது.

ஸ்மார்ட் கார்டின் முன்பக்கத்தைப் பாருங்கள், சின்னதாக ஆங்கிலத்தில் ஒரு குறியீடு இருக்கும். மொத்தம் ஐந்து வகை. பி.எச்.எச். என்றால் முன்னுரிமைக் குடும்பம். அதோடு ஏ.ஏ.ஒய். சேர்ந்திருந்தால் அந்த்யோதயா அன்ன யோஜனா, அதாவது ஏழைகளிலும் ஏழைகள். என்.பி.எச்.எச். என்றால் முன்னுரிமையற்ற குடும்பம், ஆனால் அரிசி உட்பட எல்லாப் பொருளும் உண்டு. என்.பி.எச்.எச்.-எஸ் என்பது சர்க்கரை கார்டு: அரிசிக்குப் பதில் கூடுதலாக மூன்று கிலோ சர்க்கரை. என்.பி.எச்.எச்.-என்.சி. என்பது பொருளில்லா கார்டு, முகவரிக்கும் அடையாளத்துக்கும் மட்டும்.

கடைசி இரண்டு வகையும் குடும்பமே விரும்பிக் கேட்டு வாங்குபவை. முதல் மூன்றில் உங்களை எங்கே வைப்பது என்பதை அரசு முடிவு செய்கிறது.

முன்னுரிமை, முன்னுரிமையற்றது என்ற இந்தப் பிரிவு எங்கிருந்து வந்தது?

2013-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து வந்தது. நாடு முழுவதும் கிராமப்புறத்தில் 75 சதவீதம் பேருக்கும் நகர்ப்புறத்தில் 50 சதவீதம் பேருக்கும் மேல் போகாமல், மானிய விலையில் தானியம் என்பது சட்டத்தின் கணக்கு. இதை மாநிலவாரியாகப் பிரித்தபோது தமிழ்நாட்டுக்குக் கிராமத்தில் 62.55 சதவீதமும் நகரத்தில் 37.79 சதவீதமும் ஒதுக்கப்பட்டன. மீதமுள்ளவர்களுக்கு மத்தியச் சட்டத்தில் இடமில்லை.

எல்லோருக்கும் அரிசி போடும் மாநிலத்துக்கு இது தலைவலி. எதிர்ப்புத் தெரிவித்துப் பார்த்துவிட்டு, கடைசியாக 2016 நவம்பர் 1 முதல் தமிழ்நாடு சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. வழியும் ஒன்று கண்டுபிடித்தது: சட்டத்துக்குள் வருபவர்கள் பி.எச்.எச்., வெளியே நிற்பவர்கள் என்.பி.எச்.எச்., கடையில் இருவருக்கும் அரிசி. வெளியே நிற்பவர்களின் அரிசிக்காக மாநிலம் மத்தியத் தொகுப்பிலிருந்து கிலோ 8 ரூபாய் 30 காசுக்கு வாங்கி இலவசமாகக் கொடுக்கிறது. பற்றாக்குறைக்கு அதைவிட அதிக விலையும் கொடுக்கிறது.

ஆக, கடையில் வரிசையில் நிற்கும் உங்களுக்கு இது பெரும்பாலும் உள்கணக்கு. பெரும்பாலும்தான், முழுக்க அல்ல. அந்த வித்தியாசம் எங்கே கையைக் கடிக்கும் என்று கீழே சொல்கிறேன்.

ஒரு லட்சம் ரூபாய் வரம்பு என்று சொல்கிறார்களே, அது என்ன?

2017 ஜூலையில் தமிழ்நாடு அரசு உணவுப் பாதுகாப்பு விதிகளை அரசிதழில் வெளியிட்டது. யாரெல்லாம் முன்னுரிமைப் பட்டியலில் வரக்கூடாது என்று அதில் ஒரு வரிசை இருந்தது: வருமான வரி கட்டுபவர் உள்ள குடும்பம், தொழில்வரி கட்டுபவர் உள்ள குடும்பம், ஐந்து ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவர்கள், மத்திய, மாநில, உள்ளாட்சி ஊழியர்களும் ஓய்வூதியர்களும், சொந்த உபயோகத்துக்கு நான்கு சக்கர வண்டி வைத்திருப்பவர்கள், ஏ.சி. உள்ள வீடு, மூன்று அறைக்கு மேற்பட்ட கான்கிரீட் வீடு, பதிவு பெற்ற தொழில் நிறுவனம் நடத்துபவர்கள், எல்லா வழியிலும் சேர்த்து ஆண்டு வருமானம் ஒரு லட்சத்தைத் தாண்டும் குடும்பம்.

செய்தி வெளியானதும் மாநிலம் கொதித்தது. ‘ஏ.சி. இருந்தால் அரிசி இல்லை’ என்று ஒரு வரியாகச் சுருங்கிப் பரவியதுதான் காரணம். அப்போதைய உணவுத்துறை அமைச்சர் காமராஜ், எல்லோருக்குமான ரேஷன் தொடரும், யாருக்கும் எதுவும் நிறுத்தப்படாது என்று விளக்கம் கொடுத்த பிறகே அடங்கியது. அந்த வரிசை முன்னுரிமைப் பட்டியலுக்கானது. அதில் சிக்கினால் நீங்கள் என்.பி.எச்.எச்.-க்குப் போவீர்கள், அவ்வளவுதான்.

இந்த ஒரு லட்சத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மாதத்துக்கு 8,333 ரூபாய். ஒருவருக்கு அல்ல, குடும்பம் முழுவதற்கும். கணவன் கொத்து வேலைக்கும் மனைவி சித்தாள் வேலைக்கும் போகும் வீட்டில், மாதத்தில் பாதி நாள் வேலை கிடைத்தாலே இந்தத் தொகை தாண்டிவிடும். தொழில்வரி இன்னும் வேடிக்கை. தமிழ்நாட்டில் அரையாண்டு வருமானம் 21,000 ரூபாயைத் தாண்டினாலே தொழில்வரி உண்டு, அதாவது மாதம் 3,500. சம்பளச் சீட்டு வாங்கும் கடைநிலை ஊழியர் எவரும் அதற்குள் வந்துவிடுவார். இந்தப் பக்கம் பாருங்கள்: 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வருமான வரியே இல்லை. ஒரே பட்டியலின் ஒரு நிபந்தனை 12 லட்சத்தில் நிற்கிறது, இன்னொரு நிபந்தனை ஒரு லட்சத்தில் நிற்கிறது. எழுத்துக்கு எழுத்து அமல்படுத்தினால் பி.எச்.எச். பட்டியலில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்பது கேள்விக்குறி. அதனால்தான் நடைமுறையில் வருமானத்தைவிடக் கண்ணுக்குத் தெரியும் விஷயங்களே (அரசு வேலை, கார், மாடி வீடு) எடைபோடப்படுகின்றன.

முன்னுரிமைப் பட்டியலில் கட்டாயம் சேர்க்கப்பட வேண்டியவர்கள் யார்?

அந்த்யோதயா குடும்பங்கள் தானாகவே வரும். அது தவிர, கைம்பெண்ணோ ஆதரவற்ற பெண்ணோ தலைமை தாங்கும் குடும்பம், மாற்றுத்திறனாளியோ தீராத நோயாளியோ உள்ள குடும்பம், நிலையான வருமானம் இல்லாத 60 வயது கடந்தவர்கள், விவசாயக் கூலிகள் போன்றவர்களுக்கு முதலிடம். உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தும் கார்டில் என்.பி.எச்.எச். என்று இருந்தால் மாற்றச் சொல்லிக் கேட்க நியாயம் இருக்கிறது.

இரண்டு குறியீட்டுக்கும் அரிசி உண்டு என்றால், என்.பி.எச்.எச். ஆக இருப்பதில் எனக்கு என்ன நஷ்டம்?

மூன்று இடங்களில் தெரியும்.

முதலாவது அளவு. என்.பி.எச்.எச். கார்டுக்குக் குடும்பத்தில் எத்தனை பேர் இருந்தாலும் உச்சம் 20 கிலோ. பி.எச்.எச். கார்டுக்கு ஆளுக்கு 5 கிலோ என்பது சட்டம். ஆனால் அப்படியே போட்டால் சின்னக் குடும்பங்களுக்கு ஏற்கெனவே கிடைத்தது குறையும் என்பதால், பழைய அளவைத் தமிழ்நாடு காப்பாற்றி வைத்தது: பெரியவர் ஒருவர் மட்டும் என்றால் 12 கிலோ, இருவர் என்றால் 16, மூவர் என்றால் 20. எனவே நான்கு பேர் வரை இரண்டு கார்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்தாவது ஆளில்தான் பிரிகிறது. தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பேர் உள்ள வீட்டுக்குப் பி.எச்.எச்.-ல் 30 கிலோ, என்.பி.எச்.எச்.-ல் 20. மாதா மாதம் 10 கிலோ என்பது கூட்டுக் குடும்பத்துக்குச் சின்ன விஷயம் இல்லை. ஏ.ஏ.ஒய். கார்டுக்கு ஆள் கணக்கே கிடையாது, குடும்பத்துக்கு 35 கிலோ. சர்க்கரையும் அவர்களுக்கு மட்டும் கிலோ 13 ரூபாய் 50 காசு, மற்றவர்களுக்கு 25 ரூபாய். பருப்பு, பாமாயிலில் பாகுபாடு இல்லை.

இரண்டாவது, ஊர் மாறினால். தமிழ்நாட்டுக்குள் எந்தக் கார்டையும் எந்தக் கடையிலும் நீட்டலாம். ஆனால் 2020 அக்டோபரில் தமிழ்நாடு சேர்ந்த ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டம் மத்தியச் சட்டத்துக்குள் வரும் கார்டுகளுக்கு மட்டும்தான். பெங்களூருவிலோ சூரத்திலோ வேலை பார்க்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளி அங்கே ஆளுக்கு 5 கிலோ வாங்க வேண்டுமானால் அவர் கார்டு பி.எச்.எச். அல்லது ஏ.ஏ.ஒய். ஆக இருக்க வேண்டும். என்.பி.எச்.எச். கார்டு ஓசூரைத் தாண்டினால் வெறும் பிளாஸ்டிக். பீகாரிலிருந்து திருப்பூருக்கு வந்த தொழிலாளி இங்கே அரிசி வாங்குவதும் இதே திட்டத்தில்தான்.

மூன்றாவது, மத்திய அரசு தனியாக ஏதாவது அறிவிக்கும்போது. கொரோனா காலத்தில் ஆளுக்கு 5 கிலோ கூடுதல் அரிசி வந்தது நினைவிருக்கும். மத்திய ஒதுக்கீடு முன்னுரிமைக் குடும்பங்களுக்குத்தான்.

சர்க்கரை கார்டை அரிசி கார்டாக மாற்ற வருமானம் பார்ப்பார்களா?

பார்ப்பதில்லை. 2019 நவம்பரில் சுமார் 10 லட்சம் சர்க்கரை கார்டுதாரர்களுக்கு, விரும்பினால் அரிசி கார்டுக்கு மாறலாம் என்று அரசே வாய்ப்புக் கொடுத்தது. பொங்கல் பணம் முதல் கொரோனா நிவாரணம் வரை பல உதவிகள் ‘அரிசி பெறும் குடும்ப அட்டைதாரர்களுக்கு’ என்றே அறிவிக்கப்படுகின்றன. கௌரவத்துக்காகச் சர்க்கரை கார்டு வாங்கியவர்கள் பிறகு வருத்தப்பட்டதற்கு அதுதான் காரணம்.

கார்டு விண்ணப்பத்துக்கு வருமானச் சான்று கேட்டால்?

புதிய கார்டுக்கு வருமானச் சான்று தேவையில்லை. எல்லோருடைய ஆதார், குடும்பத் தலைவரின் படம், வீட்டு முகவரிக்கு ஒரு ஆதாரம் (மின் கட்டண ரசீது, கேஸ் பில், வாடகை ஒப்பந்தம் போன்றது), எரிவாயு இணைப்பு விவரம் ஆகியவை போதும். பழைய கார்டிலிருந்து பெயரை நீக்கியிருக்க வேண்டும்; கல்யாணமானவர்கள் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். விண்ணப்பித்த பிறகு ஆள் வந்து பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பது உங்கள் சம்பளத்தை அல்ல, தனி அடுப்பு இருக்கிறதா என்பதைத்தான். ஒரே சமையலறையில் மாமியாரும் மருமகளும் சமைத்துக்கொண்டு இரண்டு கார்டு கேட்டால் தள்ளுபடி ஆகும்.

வருமானச் சான்று வேறு திட்டங்களுக்குத் தேவைப்படும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், துணை வட்டாட்சியர் என்று போய் வரும். முன்னுரிமைக்கு மாற்றக் கோரும்போது அதைக் கூடவே வைத்தால் மனுவுக்குப் பலம்.

மகளிர் உரிமைத் தொகை எனக்குத் தள்ளுபடி ஆகிவிட்டது. வருமானம் அதிகம் என்றார்கள். ரேஷனும் போய்விடுமா?

போகாது. இது அதிகம் கேட்கப்படும் கேள்வி, பயமும் அதிகம். ரேஷன் கார்டை அடிப்படையாக வைத்து ஆட்களை அடையாளம் காண்பதால் இரண்டும் ஒன்று என்று தோன்றுகிறது, ஆனால் விதிகள் தனித்தனி. 2023 செப்டம்பரில் தொடங்கிய உரிமைத் தொகைக்கு ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நிலம் ஐந்து ஏக்கர் நஞ்சை அல்லது பத்து ஏக்கர் புஞ்சைக்குள் இருக்க வேண்டும், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு 1.2 லட்சம். ரேஷன் முன்னுரிமைக்கு ஒரு லட்சம். மூன்று திட்டம், மூன்று எண். ஒன்றில் தள்ளுபடி ஆனதை வைத்து இன்னொன்றில் கை வைக்க முடியாது.

என் மகனுக்கு அரசு வேலை கிடைத்துவிட்டது. அவன் பெயர் எங்கள் கார்டில் இருக்கிறது. என்ன ஆகும்?

விதி பார்ப்பது தனி ஆளை அல்ல, கார்டில் உள்ள குடும்பத்தை. அவர் பெயர் இருக்கும் வரை அந்தக் குடும்பம் பி.எச்.எச்.-க்குத் தகுதியற்றது, சரிபார்ப்பில் தெரிந்தால் என்.பி.எச்.எச். ஆகும். அவர் வேறு ஊரில் தனியாக வீடெடுத்துச் சமைத்துச் சாப்பிடுகிறார் என்றால் பெயரை நீக்கித் தனிக் கார்டு வாங்கிக்கொள்ளலாம், அதில் தவறில்லை. அதே வீட்டில் இருந்துகொண்டு காகிதத்தில் மட்டும் பிரிவதுதான் பிரச்சினை.

வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்தால் முன்னுரிமை போய்விடுமா?

விதியில் உள்ள சொல் ‘வரி செலுத்துபவர்’. வங்கிக் கடனுக்காகவோ பிடித்த வரியைத் திரும்பப் பெறவோ பூஜ்ய வரிக்கு ரிட்டர்ன் போடுபவர் வரி செலுத்துபவர் ஆகமாட்டார். ஆனால் 2025-ல் மத்திய அரசு வருமான வரி, வாகனப் பதிவு, நிறுவன இயக்குநர் பட்டியல்களை ரேஷன் தரவோடு ஒப்பிட்டு, சந்தேகத்துக்குரியவர்களின் பெயர்களைச் சரிபார்க்கச் சொல்லி மாநிலங்களுக்கு அனுப்பியது. கணினி பொருத்திப் பார்ப்பதில் தவறுதலாகச் சிலர் பெயர் அதில் சிக்குவதும் உண்டு. கடன் வாங்கி டாக்ஸி ஓட்டுபவர் ‘கார் உரிமையாளர்’ ஆகிவிடுவார்; பிழைப்புக்காக வைத்திருக்கும் ஒரு வண்டிக்கு விதியிலேயே விலக்கு உண்டு. கடிதம் வந்தால் கிழித்துப் போடாமல் பதில் கொடுங்கள். பி.எச்.எச்., ஏ.ஏ.ஒய். கார்டில் உள்ள ஒவ்வொருவரும் கைரேகை வைத்து இ-கே.ஒய்.சி. (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு) முடித்திருப்பதும் அவசியம்.

வருமானத்தைப் பார்த்து அரிசியை நிறுத்தும் முறையைத் தமிழ்நாடு எப்போதாவது முயன்றிருக்கிறதா?

ஒருமுறை. 2000-களின் தொடக்கத்தில், மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் உள்ள குடும்பங்களின் அட்டையில் ‘எச்’ முத்திரை குத்தி அரிசியை நிறுத்தினார்கள். அப்போது ஊரில் அந்த முத்திரையைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. 2004 மக்களவைத் தேர்தலில் மாநிலத்தின் 39 தொகுதிகளிலும் ஆளும் அ.தி.மு.க. அணி தோற்றது. அடுத்த சில நாள்களிலேயே விலக்கிக்கொள்ளப்பட்ட உத்தரவுகளில் இந்த முத்திரையும் ஒன்று. அதற்குப் பிறகு அரசியல் எதிர்த்திசையில் ஓடியது: 2006-ல் கிலோ இரண்டு ரூபாய், 2008-ல் ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம். 2017-ல் அமைச்சர் அவசர அவசரமாக விளக்கம் கொடுத்ததற்கு இந்தப் பழைய அனுபவமும் காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

பணக்காரனுக்கும் இலவச அரிசி எதற்கு? வரம்பு வைத்தால் என்ன தப்பு?

நியாயமான கேள்விதான். கேரளத்தில் அப்படித்தான்: மாத வருமானம் 25,000-க்கு மேல், ஒரு ஏக்கருக்கு மேல் நிலம், ஆயிரம் சதுர அடிக்கு மேல் வீடு, நான்கு சக்கர வண்டி என்று ஏதாவது ஒன்று இருந்தால் முன்னுரிமை இல்லை. ஆனால் சம்பளச் சீட்டே இல்லாதவர்கள் நிறைந்த நாட்டில் வருமானத்தை யார் அளப்பது? கூலிக்குப் போகும் பெண்ணிடம் ‘ஆண்டு வருமானம் எவ்வளவு’ என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? அளப்பவரின் மனம் போல எண் விழும். வட்டிக்கு விட்டுப் பிழைப்பவரின் வருமானம் எந்த ஏட்டிலும் வராது, துப்புரவு ஒப்பந்தத் தொழிலாளியின் பி.எஃப். கணக்கு மட்டும் பளிச்சென்று தெரியும்.

வசதியானவர்கள் பெரும்பாலும் கடை அரிசியை வாங்குவதில்லை, வரிசையில் நிற்க அவர்களுக்கு நேரமில்லை. வாங்கி வெளியே விற்பவர்கள் இருக்கிறார்கள், கடத்தலும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தகுதியில்லாத பத்துப் பேரைப் பிடிக்கப் போட்ட வலையில் தகுதியுள்ள ஒருவர் மாட்டினாலும் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. எனக்குக் கேட்டால் இப்போதுள்ள முறையே மேல்.

மதிய உணவு, காலை உணவு, அம்மா உணவகத்துக்கெல்லாம் வருமானம் பார்ப்பார்களா?

இல்லை. அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படிக்கும் பிள்ளை என்பதே மதிய உணவுக்கும் தொடக்கப் பள்ளிக் காலை உணவுக்கும் போதும். அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லிக்கு எந்தக் கார்டும் வேண்டாம்.

என்.பி.எச்.எச். கார்டை பி.எச்.எச். ஆக மாற்ற எங்கே போக வேண்டும்?

வட்ட வழங்கல் அலுவலரிடம், அதாவது தாலுகா ஆபீஸில் உள்ள டி.எஸ்.ஓ.விடம். சென்னையில் மண்டல உதவி ஆணையர் அலுவலகம். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை பொது விநியோகக் குறைதீர் முகாம் நடக்கும், அங்கேயும் கொடுக்கலாம். கடையில் பில் போடுபவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, குறியீட்டை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை.

மனுவில் ‘நாங்கள் ஏழைகள்’ என்று மட்டும் எழுதாதீர்கள். விதியில் உள்ள எந்த வகையில் வருகிறீர்கள் என்று எழுதுங்கள்: கணவர் இறப்புச் சான்று, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, முதியோர் ஓய்வூதிய உத்தரவு என்று கையில் இருப்பதை இணையுங்கள். மாநிலத்துக்கு உச்ச எண்ணிக்கை இருப்பதால் உடனே நடக்காமலும் போகலாம். ஏ.ஏ.ஒய். இன்னும் கடினம், இடம் காலியானால்தான். மனு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நகர்வே இல்லை என்றால் 1967 அல்லது 1800 425 5901 எண்ணுக்கு அழைக்கலாம், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலும் அதே மனு எண்ணைக் குறிப்பிட்டுக் கொடுக்கலாம்.